செயப்பாட்டுவினை

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக்காற்றுக்குக் கதவைத் தட்டிவிட்டு வரத் தெரியாது.
செவ்வாய், வியாழன், மாலை ஆறரை,
அறை எண் 214, காம்போசிஷன் முதல் தாள்.
இருபத்திரண்டு பேரோடு தொடங்கி
பதினாலில் நிற்கிறது வகுப்பு.

மூன்று கல்லூரிகளில் எனக்குப் பகுதிநேரம்.
மேசை கிடையாது. காரின் பின்சீட்தான் அலுவலகம்.
கட்டுரையின் மேல் காப்பிக் கறை,
கறையின் மேல் மதிப்பெண்.
முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்று
ஐந்து அறை கொண்ட ஒரே வீட்டை
வருடக்கணக்காகக் கட்டச் சொல்லித்தருகிறேன்.
யாரும் அதில் குடியேறி நான் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில் வெய்ன் கொய்விஸ்டோ.
தவணை தவறிய கார்களை
வங்கிக்காக விடியுமுன் இழுத்துவரும் லாரிக்காரர்.
பேனாவை ஸ்பேனர் மாதிரி பிடிப்பார்.
'என் வேலைநாள் ஒன்று' என்ற தலைப்புக்கு
ஒரே பக்கம் தந்தார்:

அதிகாலை நான்கு மணிக்கு முகவரி தரப்பட்டது.
வாகனம் அடையாளம் காணப்பட்டது.
கொக்கி மாட்டப்பட்டது.
வாசல் விளக்கு போடப்பட்டது.
வாகனம் அகற்றப்பட்டது.

ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்:
எல்லாம் படுகிறது, படுகிறது,
படுத்துகிறவர் யார்?
எழுவாய் எங்கே, வெய்ன்?

அடுத்த செவ்வாய் இலக்கியம்.
ஒரு கதை. கணவன் எதையோ செய்துவிட்டு
பதினோரு பக்கம் வானிலையைப் பற்றியே பேசுகிறான்.
செங் லோர் கேட்டான்:
"நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன?"
எல்லோரும் சிரித்தார்கள்.
இதற்கென்றே வைத்திருக்கும் பதிலைச் சொன்னேன்.
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.
வெய்ன் சிரிக்கவில்லை என்பதை
நான் பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை திருத்திய பிரதி வந்தது. நான்கு பக்கம்.

நான் போனேன். நான் கொக்கியை மாட்டினேன்.
விளக்கைப் போட்டது டானெட் பெலாஞ்சர்.
நம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காருவாளே, அவள்.
காலுறையோடு பனியில் நின்றாள்.
என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.
கத்துவாள் என்று காத்திருந்தேன்.
"இந்த வியாழன் என்ன பாடம்?" என்று கேட்டாள்.
செயப்பாட்டுவினை என்று சொன்னேன்.
பிறகு இழுத்தேன்.
முன்சீட்டில் பாடநூல் கிடந்தது.
எண்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு தலைமுடி ரப்பர்.

எழுத்துப்பிழை ஏழு.
மையக்கருத்து வாக்கியம் இல்லை. முடிவுரை இல்லை.
மதிப்பீட்டு அட்டவணையில் மேலும் கீழும் தேடினேன்,
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

க்ளோக்கேயிலிருந்து இருபது மைல்.
வகுப்பு முடியும் ஒன்பதரைக்குத் திரும்பிப்போக
எந்த பஸ்ஸும் இல்லை என்று
அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள்.
சொல்லியிருந்தாள், என்னிடம்தான்.

வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
*நான்கு வகுப்புகள் தொடர்ந்து வராததால்
பெலாஞ்சர், டி. பெயர் நீக்கப்பட்டது.*
என் கையெழுத்து.
என் இலக்கணம்.

வெய்ன் போகும்போது பாடநூலை
மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.
வண்டியில் இருந்த பொருளைத் தொடக்கூடாதென்று
கம்பெனி விதியாம்.
"எடுத்தேன்" என்றார். எடுக்கப்பட்டது என்று சொல்லவில்லை.

வாகன நிறுத்தத்தில் ஹீட்டர் சூடாவதற்குள்
பதிவாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
தவறு நேர்ந்துவிட்டது, என்று எழுதி அழித்தேன்.
கவனிக்கப்படாமல் விடப்பட்டது, அழித்தேன்.
கப்பல் ஒன்று பாலத்தைத் தூக்கச் சொல்லி
இருட்டில் ஊதியது.

நான் சொல்லித்தரும் மொழியில்
'நான்' என்பது ஒற்றை எழுத்து.
வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரிதாகத்தான் எழுதவேண்டும்.
முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், சுலபமான விதி.

கண்ணாடியில் பனி முழுக்க உருகிய பிறகும்
அந்த ஒரு எழுத்தில்தான் இருந்தேன்.